ஆடுகளமும் பயிற்றுநர் இருக்கையும் ஒலிவாங்கியும்

(ஒரத்தநாட்டில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நாளில், விளையாட்டுத் துறையைப் பற்றி இளைஞர்களுக்குச் சில சொல்ல வேண்டுமென்று விழாக் குழுவினர் பணித்தனர். கல்விக் கழகத்தின் மேடையில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவோரும் இறுதிவரை பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம். நாம் பேசப்போவது விளையாட்டைப் பற்றி என்பதைவிடக் கல்வியைப் பற்றியே எனலாம்.

கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் பாயும் இவ்வட்டாரத்தில் சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போர் ஏறிவிட்டால் அடுத்த வேலை என்ன என்பதை இளைஞர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த வயலில் கோடு கிழித்துக் கபடி தொடங்கிவிடும். ஊருக்கு ஊர் போட்டிகள் நடைபெறும். நம் தெருப் பிள்ளைகள் ஆடுவார்கள், நன்றாகவே ஆடுவார்கள். அவர்களது தொடைவலிமையையும் மூச்சுப்பிடிப்பையும் கண்டு எல்லாத் தெருவினரும் கைதட்டுவார்கள். ஆனால் அங்கே ஆட்டக்காரரைத் தவிர வேறு மூன்று பொருள்கள் உண்டு. ஒன்று நடுவரின் ஊதல். மற்றொன்று மதிப்பெண் ஏடு. மூன்றாவது ஒலிபெருக்கியின் முன் இருக்கும் மைக். இம்மூன்றும் யார் கையில் இருக்கின்றன என்பதை அடுத்த முறை போட்டி காணச் செல்லும்போது சற்றே கவனித்துப் பாருங்கள். உடல் உழைப்பை நம்மிடம் கேட்பவர்கள் அதிகாரத்தையும் பேச்சையும் நம்மிடம் கேட்கிறார்களா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேட ஒரு மனிதரின் வாழ்வை இன்று எடுத்துக்கொள்வோம். அவர் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பில் ரசல். கடல் கடந்த நாட்டவரை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? பிறப்பின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்களிடையே தோன்றி, ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் பின்னர்த் தொலைக்காட்சி வருணனையாளராகவும் மூன்று இடங்களிலும் அமர்ந்து, அவ்விடங்களில் தமக்கு நேர்ந்தவற்றைத் தாமே நூல்களாகவும் எழுதி வைத்தவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் முதன்மையானவர் ரசல். மேலும், கறுப்பின மக்கள் நமக்கு அயலாரும் அல்லர். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1946-இல் அவர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் நிலைக்கும் நம் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். 1972-இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம் அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளை எண்ணியே தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. ஆகவே உறவினர் ஒருவரின் வரலாற்றைக் கேட்பதுபோலவே இதனைக் கேட்கலாம்.

பிறப்பும் நூலகமும்

ரசல் 1934 பிப்ரவரி 12-ஆம் நாள் அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள லூசியானா மாநிலத்தில், மன்றோ என்னும் ஊரை ஒட்டிப் பிறந்தார். அங்கே நிறவேற்றுமை சட்டமாகவே இருந்த காலம் அது. அவருடைய தாயார் கேட்டி ஒருநாள் நல்ல உடை உடுத்தித் தெருவில் சென்றபோது, அது வெள்ளைக்காரப் பெண்கள் உடுத்தும் உடை என்று கூறிக் காவலர் ஒருவர் மிரட்டி வீட்டிற்குத் திருப்பி அனுப்பினார். இதனைக் கேட்கும்போது, தோளில் துண்டு போடவும் காலில் செருப்பு அணியவும் நம் முன்னோர் பட்ட பாடு நினைவுக்கு வராமல் இருக்குமா?

ரசலுக்கு எட்டு அல்லது ஒன்பது வயதிருக்கும்போது பெற்றோர் ஊரைவிட்டுப் புறப்பட்டுக் கலிபோர்னியாவில் ஓக்லாந்து நகருக்குக் குடியேறினர். பன்னிரண்டு வயதில், 1946-இல், தாயார் இறந்தார். பிள்ளைகள் கல்லூரி வரை படிக்க வேண்டும் என்பதே அந்தத் தாயின் பெருவிருப்பம். தந்தை சார்லஸ் அவ்விருப்பத்தைக் காக்க வேண்டித் தம் சரக்குந்துத் தொழிலைக் கைவிட்டார். பிள்ளைகளின் அருகிலேயே இருக்க வேண்டுமென்று ஆலை வேலைக்குச் சென்றார். வருமானத்தைவிடப் பிள்ளைகளின் படிப்பைப் பெரிதாகக் கருதிய ஒரு தொழிலாளியின் முடிவு அது. நம் கழகத்தில் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர் பலரும் எடுத்த முடிவும் அதுவே.

இளமையில் ரசல் பெரிய ஆட்டக்காரர் அல்லர். மக்லைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியின் இளையோர் அணியில் பதினைந்து பேருக்கு மட்டுமே சீருடை இருந்தது. இவர் பதினாறாவது ஆள். ஆகவே ஒரே சீருடையை இன்னொரு மாணவரோடு மாறிமாறி அணிந்து ஆடினார். அப்பள்ளியின் பயிற்றுநரான ஜார்ஜ் பவுல்ஸ் வெள்ளையர். அவர் இவரை ஒதுக்கிவிடவில்லை. நாள்தோறும் பயிற்சி செய்யச் சிறுவர் மன்றத்தில் சேர்வதற்குத் தம் கைப்பொருளையே கொடுத்து அனுப்பினார்.

அந்நாளில் ரசலின் மனம் பெரிதும் ஒன்றியிருந்த இடம் ஓக்லாந்துப் பொது நூலகம். அங்கே அவர் ஹெய்ட்டி நாட்டின் கறுப்பின மன்னர் ஹென்றி கிறிஸ்டோஃப் பற்றிப் படித்தார். தம் இனத்தவர் அடிமைகளாக மட்டுமே வாழ்ந்தவர் அல்லர், கோட்டை கட்டி அரசாண்டவர்களும் அவர்களுள் உண்டு என்பதை அவர் அறிந்துகொண்டது அங்கேதான். லியனார்டோ டாவின்சி, மைக்கலேஞ்சலோ ஆகிய ஓவியர்களின் படங்களை நூலகத்திலிருந்து வீட்டிற்கு எடுத்துச் சென்று, மனத்தில் பதித்துக்கொண்டு, பாராமலே வரைந்து பார்க்க முயன்றார். வரைவதில் அவர் வெற்றி பெறவில்லை. ஆனால் பார்த்த ஒன்றை மனக்கண்ணில் அணு அணுவாக நிறுத்தும் பழக்கம் அவருக்குக் கைவந்தது. 1952-இல் பள்ளி வீரர்களின் அணி ஒன்றோடு சுற்றுப்பயணம் சென்றபோது, சிறந்த ஆட்டக்காரரின் அசைவுகளை அவ்வாறே மனத்தில் நிறுத்தி, பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். அடுத்த நாள் ஆடுகளத்தில் அதனைச் செய்தும் காட்டினார். தம் ஆட்டம் பிறந்த கதையாக அவரே எழுதியது இது. உலகின் மிகச் சிறந்த தற்காப்பு ஆட்டம் நூலகத்தின் மேசையிலிருந்து பிறந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. படிப்பு வேறு, விளையாட்டு வேறு என்று எண்ணி ஒன்றுக்காக மற்றதைக் கைவிடும் இளைஞர்கள் இச்செய்தியை மனத்தில் இருத்த வேண்டும்.

ஆடுகளம்

அவருக்குக் கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை தர முன்வந்தது சான்பிரான்சிஸ்கோப் பல்கலைக்கழகம் ஒன்றே. அதன் அணி 1955, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கல்லூரிகளுக்கிடையேயான தேசியப் பட்டத்தை வென்றது. தொடர்ந்து 55 ஆட்டங்களில் ரசலும் அவர் தோழர்களும் தோல்வி காணவில்லை. ஆயினும் 1954-இல் ஓக்லஹோமா நகருக்கு ஆடச் சென்றபோது, கறுப்பினத்தவர்க்கு அறை தர உணவுவிடுதிகள் மறுத்துவிட்டன. அப்போது அந்த அணியின் வெள்ளை வீரர்களும் விடுதிக்குச் செல்லாமல், அனைவரும் ஒன்றாகக் காலியாக இருந்த கல்லூரி மாணவர் இல்லத்தில் தங்கினர்.

1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்குத் தலைவராக இருந்து தங்கம் வென்ற பின், அவ்வாண்டு டிசம்பரில் பாஸ்டன் செல்டிக்ஸ் என்னும் தொழில்முறை அணியில் சேர்ந்தார். அவர் ஆடிய 13 பருவங்களில் அந்த அணி 11 முறை வாகை சூடியது. தனிநபர் புள்ளிகளைக் குவிப்பதில் அவர் நாட்டம் கொள்ளவில்லை. எதிரி கூடையை நோக்கி எறியும் பந்தைத் தடுப்பதே அவரது தனித்திறன். பார்ப்பவர் ஆரவாரிக்கும்படி அப்பந்தைக் கூட்டத்துக்குள் அடித்துத் தள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை. பந்து களத்தை விட்டு வெளியேறாதவாறு மெல்லத் தட்டித் தம் தோழரின் கைக்கு அனுப்புவார்; அந்நொடியே தம் அணியின் தாக்குதல் தொடங்கிவிடும். ஆரவாரத்தைவிடப் பயனை நாடிய ஆட்டம் அது.

இத்தகைய வீரருக்கு அந்த நாடு செய்தது என்ன? 1961 அக்டோபரில் கெண்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் ஒரு காட்சி ஆட்டம். அணி தங்கியிருந்த விடுதியின் சிற்றுண்டிச்சாலையில் கறுப்பின வீரர் இருவருக்கு உணவு தர மறுத்தனர். ரசலும் மற்றக் கறுப்பின வீரர்களும் ஆட மறுத்து விமானம் ஏறி வீடு திரும்பிவிட்டனர். மைதானத்தில் ஓட வேண்டும், சிற்றுண்டிச்சாலையில் உட்காரக் கூடாது என்னும் முறையை அவர்கள் ஏற்கவில்லை. ரெடிங் என்னும் ஊரில் அவர் வாங்கிய வீட்டிற்குள் கயவர் சிலர் புகுந்து, சுவர்களில் இழிசொற்களை எழுதி, பரிசுக் கோப்பைகளை உடைத்து, படுக்கையையும் அசுத்தப்படுத்திச் சென்றனர். எந்த ஊருக்காக அவர் ஆண்டுதோறும் கோப்பை வென்றாரோ அந்த ஊரின் சுற்றுப்புறத்திலேயே இது நடந்தது.

1963 ஜூனில் மிசிசிப்பி மாநில உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். ரசல் அவருடைய தமையனாரோடு தொடர்பு கொண்டு, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். பின்னர் ஜாக்சன் நகருக்குச் சென்று, கொலை மிரட்டல்களுக்கு நடுவே, கறுப்பினச் சிறுவர்களையும் வெள்ளையினச் சிறுவர்களையும் ஒரே களத்தில் நிறுத்திக் கூடைப்பந்துப் பயிற்சி முகாம் நடத்தினார். பயிற்றுநராக அவர் ஆற்றிய பணிகளில் இதற்கே முதலிடம் தர வேண்டும் என்பது நம் கருத்து. அங்கே ஊதியமும் இல்லை, கோப்பையும் இல்லை. ஒரே பந்தைத் தொட அஞ்சிய கைகள் அங்கே ஒரே பந்தைத் தொட்டன.

பயிற்றுநர் இருக்கை

1966-இல் செல்டிக்ஸ் அணியின் பயிற்றுநர் ரெட் ஆவர்பாக் ஓய்வு பெற முடிவு செய்தார். தம் இடத்துக்கு வேறு சிலரை அவர் நாடிப் பார்த்தும் அவர்கள் இசையவில்லை. முடிவில் அப்பொறுப்பு ரசலிடம் வந்தது. 1966 ஏப்ரல் 18-ஆம் நாள் அச்செய்தி அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டு அமைப்புகளில் தற்காலத்தில் ஓர் அணிக்குத் தலைமைப் பயிற்றுநரான முதல் கறுப்பினத்தவர் அவரே ஆவார்.

அன்று செய்தியாளர் கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்வியை நாம் கவனிக்க வேண்டும். வெள்ளையர்மீது வேற்றுமை காட்டாமல் உம்மால் நடுநிலையோடு பணியாற்ற இயலுமா என்று ஒருவர் அவரைக் கேட்டார். அதுவரை எத்தனையோ வெள்ளையர் பயிற்றுநராக இருந்திருக்கின்றனர். அவர்களில் எவரிடமும் இக்கேள்வி கேட்கப்பட்டதில்லை. ரசல் சினம் கொள்ளவில்லை. இயலும் என்றார். இங்கே மதிப்பு என்பது ஒருவரது திறமையைப் பொறுத்தது, வேறெதையும் பொறுத்ததன்று என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். நம் பிள்ளைகள் அலுவலகத்திலோ பள்ளியிலோ பொறுப்பேற்கும் நாளில் இதே கேள்வி வேறு சொற்களில் வரும். எல்லாரையும் சமமாக நடத்துவாரா, தம் ஆட்களுக்கே செய்வாரா என்று முணுமுணுப்பார்கள். அதற்கு அமைதியான விடையும், அதனினும் மேலாகச் செம்மையான பணியும் வேண்டும்.

ரசலின் முதல் ஆண்டு எளிதாக அமையவில்லை. தாமே ஆடிக்கொண்டும், துணைப் பயிற்றுநர் ஒருவரும் இன்றி அணியை நடத்திக்கொண்டும் இருந்தார். 1967-இல் பிலடெல்பியா அணியிடம் தோற்றதால், எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கையிலிருந்த பட்டம் போயிற்று. கறுப்பினத்தவருக்குத் தலைமை கொடுத்ததன் பயன் இது என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. அடுத்த ஆண்டு அதே பிலடெல்பியாவோடு ஆடிய தொடரில் 3-1 எனப் பின்தங்கியிருந்த நிலையிலிருந்து மீண்டு, இறுதித் தொடரிலும் லாஸ் ஏஞ்சல்ஸ் அணியை வென்று, 1968-இன் பட்டத்தை மீட்டார். 1969-இல் முதுமையடைந்த வீரர்களைக் கொண்ட அவரது அணி தன் பிரிவில் நான்காம் இடத்திலேயே பருவத்தை முடித்தது. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் மே 5-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது. வெற்றி தங்களுக்கே என்று உறுதி கொண்ட அவ்வூரார், ஆட்டம் முடிந்ததும் பறக்கவிடுவதற்காக அரங்கின் கூரையில் பலூன்களை நிரப்பி வைத்திருந்தனர். 108-106 என்ற கணக்கில் செல்டிக்ஸ் வென்றது. பலூன்கள் கூரையிலேயே தங்கின. அதுவே ரசல் ஆடிய கடைசி ஆட்டம்.

பின்னாளில் சியாட்டில் அணிக்கு 1973 முதல் 1977 வரை பயிற்றுநராக இருந்து, அவ்வணி முதன்முறையாக 1975-இல் தகுதிச் சுற்றைத் தாண்டிச் செல்ல வழிசெய்தார். 1987-இல் சாக்ரமெண்டோ அணிக்குச் சென்றபோது 17 வெற்றிகளும் 41 தோல்விகளுமாக அம்முயற்சி இடையிலேயே முடிந்தது. இதனை மறைக்க வேண்டிய தேவையில்லை. வெள்ளையினப் பயிற்றுநர் பலருக்கும் இத்தகைய தோல்விகள் உண்டு. தோற்கும் உரிமையும் சம உரிமையின் ஒரு பகுதியே. நம்முள் ஒருவர் தோற்றால் நம் இனமே தோற்றது என்று எண்ணும் வழக்கம் ஒழிய வேண்டும்.

ஆடுகளத்தில் இடம் கொடுத்தவர்கள் பயிற்றுநர் இருக்கையை எவ்வளவு தயங்கிக் கொடுத்தார்கள் என்பதற்கு ஆண்டுக் கணக்கே சான்று. பேஸ்பால் என்னும் ஆட்டத்தில் கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் 1947-இல் உயர்நிலை அணியில் ஆடத் தொடங்கினார். அதே ஆட்டத்தில் ஒரு கறுப்பினத்தவர், ஃபிராங்க் ராபின்சன், அணிக்கு மேலாளரானது 1975-இல். ஓடுவதற்கு அனுமதி கிடைத்ததற்கும் ஆணையிடுவதற்கு அனுமதி கிடைத்ததற்கும் இடையே 28 ஆண்டுகள் கடந்தன.

ஒலிவாங்கியின் முன்

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற ரசல் 1970-களின் தொடக்கத்தில் ஏ.பி.சி. தொலைக்காட்சியிலும், 1980-களின் தொடக்கத்தில் சி.பி.எஸ். தொலைக்காட்சியிலும் கூடைப்பந்து வருணனையாளராக அமர்ந்தார். அடுத்து என்ன நடக்கும் என்பதை ஆட்டக்காரரின் கால்வைப்பிலிருந்தே அறிந்து சொல்லக்கூடியவர் அவர். தோன்றியதை ஒளிக்காமல் சொல்வார். அரங்கம் அதிரச் சிரிப்பார். பயிற்றுநராக இருந்தவர் வருணனைக்கு வரும்போது கிடைக்கும் நன்மை இதுவே. பந்து எங்கே போயிற்று என்பதைக் கண்ணுள்ள எவரும் சொல்லலாம். ஏன் போயிற்று என்பதைக் கற்றவரே சொல்ல முடியும்.

ஆயினும் அத்தொழிலில் அவர் மனம் முழுதும் ஒன்றவில்லை. தொலைக்காட்சி எட்டு நொடிக்குள் அடங்கும் கருத்துகளையே விரும்புகிறது, ஆட்டத்தைப் பற்றியும் மனிதரைப் பற்றியும் தாம் அறிந்தவை அதனினும் ஆழமானவை என்ற பொருள்படப் பின்னர் அவர் கூறினார். ஒலிவாங்கி கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிட்டதாக எண்ணுவோர்க்கு இது நல்ல எச்சரிக்கை. கருவி நம் கைக்கு வந்த பின்னும், எதைச் சொல்வது, எவ்வளவு நேரம் சொல்வது என்பதைப் பிறர் முடிவு செய்யக்கூடும்.

1981-ஆம் ஆண்டு இறுதித் தொடரின் ஒளிபரப்பில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதனை மேலும் தெளிவாக்கும். 1956 ஒலிம்பிக் அணியின் பழைய புகைப்படம் ஒன்று திரையில் காட்டப்பட்டது. அதில் இளைஞர் ரசல் சிரித்த முகத்தோடு நிற்கிறார். அவரோடு வருணனையில் அமர்ந்திருந்த வெள்ளையின முன்னாள் வீரர் ரிக் பேரி, அந்தச் சிரிப்பைத் தர்ப்பூசணியோடு இணைத்துக் கேலி பேசினார். தர்ப்பூசணியில் என்ன இழிவு என்று நீங்கள் வியக்கலாம். அடிமைத்தளை நீங்கிய பின் கறுப்பின மக்களில் பலர் அப்பழத்தைப் பயிரிட்டு விற்றுச் சொந்தக் காலில் நின்றனர். அதனைப் பொறாதவர்கள் அப்பழத்தையே அவர்களை இழித்துரைக்கும் அடையாளமாக்கினர். உண்ணும் உணவைக் கொண்டே ஒரு மக்களை இழிவுபடுத்தும் வழக்கத்தை நாமும் அறிவோம். நாடே பார்த்துக்கொண்டிருந்த அந்நேரத்தில் ரசல் ஒரு சொல்லும் பேசவில்லை. அம்மௌனத்தின் கனத்தைக் கேட்டவர்கள் உணர்ந்தனர். அச்சொல்லின் இழிபொருள் தமக்குத் தெரியாது என்று பேரி பின்னர்க் கூறினார். அவரது ஒப்பந்தத்தை அந்நிறுவனம் நீட்டிக்கவில்லை.

11 பட்டங்கள், ஒலிம்பிக் தங்கம், பயிற்றுநர் பெருமை இத்தனையும் பெற்று ஒலிவாங்கியின் முன் அமர்ந்த பிறகும் இந்த இழிசொல் வந்தது. ஆகவே உயர்ந்த இடத்தை அடைந்துவிட்டால் இழிவு தானே நீங்கிவிடும் என்று நம்புவது பேதைமை. அவ்விடத்தில் நம்மவர் ஒருவர் மட்டும் தனித்து அமர்ந்திருக்கும் வரை இழிவு அவரைத் தேடி வரும். பலர் அமர வேண்டும். ஒருவரை உயர்த்துவது பரிசு. பலரை உயர்த்துவதே கல்வி.

பெருமையைத் தம் விருப்பப்படி ஏற்பதிலும் ரசல் உறுதி காட்டினார். 1975-இல் கூடைப்பந்துப் புகழரங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டபோது விழாவுக்குச் செல்ல மறுத்தார். அவருக்கு முன்பே, 1950-இல், தொழில்முறை அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவரான சக் கூப்பர் போன்றோர்க்கு அச்சிறப்பு முதலில் வந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 2019-இல் கூப்பர் சேர்க்கப்பட்ட பின்னரே, எளிய முறையில் அந்த மோதிரத்தை ஏற்றார். 2011-இல் அதிபர் ஒபாமா அவர் கழுத்தில் நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் பதக்கத்தை அணிவித்தார். 2021-இல் புகழரங்கம் அவரைப் பயிற்றுநர் என்ற முறையில் இரண்டாம் முறையாகவும் சேர்த்துக்கொண்டது. 2022 ஜூலை 31-ஆம் நாள் தம் 88-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் அணிந்த 6-ஆம் எண்ணை இனி எந்த அணியிலும் எவர்க்கும் புதிதாக வழங்குவதில்லை என்று தேசியக் கூடைப்பந்துக் கழகம் முடிவு செய்தது.

நம் நாட்டில்

இது அமெரிக்காவின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1876-இல் தார்வாரில் பிறந்த பல்வாங்கர் பாலு நம்மைப் போன்றே தீண்டாமைக்கு ஆளான குடியில் வந்தவர். பூனாவில் வெள்ளையரின் கிரிக்கெட் மன்றத்தில் தரையைச் சமன்செய்யும் கூலியாளாக இருந்தார். அங்கே வலைப்பயிற்சியின்போது பல மணி நேரம் வெள்ளையருக்குப் பந்து வீசுவார். மட்டை பிடிக்க மட்டும் அவருக்கு அங்கே இடம் கொடுக்கவில்லை. அவ்வாறு வீசி வீசியே இந்தியாவின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளரானார். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 ஆட்டக்காரர்களை வீழ்த்தினார். அவருடைய பந்து வேண்டியிருந்தது. ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் அரங்கத்துக்கு வெளியே மண்குவளையில் தேநீர் தந்தனர். அணித்தலைமையை அவருக்குத் தரவில்லை. நெடிய போராட்டத்துக்குப் பின் 1923-இல் அவருடைய தம்பி விட்டல் இந்து அணிக்குத் தலைவரானார். பாலுவின் மண்குவளைக்கும், லெக்சிங்டன் சிற்றுண்டிச்சாலைக்கும், நம் வட்டாரத் தேநீர்க் கடைகளில் நம் முன்னோர் கண்ட தனிக் குவளைக்கும் வேறுபாடு ஏதும் உண்டோ?

பேசும் இடத்தைப் பொறுத்தவரையில் நம் முன்னோர் நமக்கு நல்ல வழியைக் காட்டிச் சென்றுள்ளனர். ஒலிவாங்கி இல்லாத அக்காலத்தில் இதழே ஒலிவாங்கி. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக்கித் தலைநிமிர்ந்து பேசினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1920-இல் ‘மூக்நாயக்’ நடத்தினார். ஊமையர்களின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். பேச்சு மறுக்கப்பட்டவர்க்குப் பேச்சைத் தருவதே முதற்பணி என்று மூவரும் உணர்ந்திருந்தனர்.

இனி நாம் செய்ய வேண்டியவை என்ன? ஆடும் பிள்ளைகளை ஆட வேண்டாமென்று தடுக்க வேண்டாம். ஆட்டத்தோடு அவர்கள் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வோம். முப்பது வயதில் முழங்கால் தேய்ந்த பின், பரிசுக் கோப்பை சோறு போடாது. பயிற்றுநராக விரும்புவோர்க்கு வழிகள் உண்டு. சென்னையில் ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி உண்டு. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உண்டு. 1961-இல் பாட்டியாலாவில் நிறுவப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்றுநருக்கான பட்டயப் படிப்பு உண்டு. இவற்றில் சேரப் பள்ளியிறுதித் தேர்விலும் கல்லூரியிலும் தேற வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் பள்ளியை விட்டு நின்றவனுக்கு இக்கதவுகள் திறப்பதில்லை. பையன்களுக்குச் சொல்வது பெண்பிள்ளைகளுக்கும் பொருந்தும். பெண்களின் கபடியும் கால்பந்தும் வளர்ந்துவரும் இக்காலத்தில் பெண் பயிற்றுநர்களின் தேவை மிகுதி.

வருணனைத் துறையும் இன்று தொலைவில் இல்லை. திருச்சி வானொலி நிலையம் 1939 முதல் நம் வட்டாரத்துக் காதுகளுக்குப் பழகிய குரல். புரோ கபடிப் போட்டிகள் 2014-இல் தொடங்கின. 2017-இல் விளையாட்டுக்கென்றே தமிழில் ஒரு தொலைக்காட்சி அலைவரிசை வந்தது. கபடியை வயலில் ஆடிப் பழகியவர்க்குத் தெரிந்த நுட்பம் ஏட்டில் படித்தவர்க்குத் தெரியாது. அந்நுட்பத்தைத் தெளிந்த தமிழில், அச்சமின்றி, பத்துப் பேர் முன் எடுத்துச் சொல்லும் பயிற்சியே நமக்குத் தேவை. ஆகவே நம் கழகத்தின் இரவுப் பாடசாலையில் வாரம் ஒருநாள் பேச்சுப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். செய்தித்தாளை உரக்கப் படிக்கச் செய்ய வேண்டும். ஊர்ப் போட்டி நடக்கும்போது மதிப்பெண் ஏட்டை எழுதும் பொறுப்பையும், விதிகளைக் கற்று ஊதல் பிடிக்கும் பொறுப்பையும் நம் இளைஞர்கள் கேட்டுப் பெற வேண்டும். கழகத்து நூலகத்தில் விளையாட்டு நூல்களுக்கும் வாழ்க்கை வரலாறுகளுக்கும் ஒரு தட்டு இருக்க வேண்டும். அத்தட்டின் முன் நிற்கும் சிறுவன் எவனாகவும் இருக்கலாம். ஓக்லாந்து நூலகத்தில் நின்ற சிறுவனைக் கண்டவர்களும் அவன் என்ன ஆவான் என்று அறிந்திருக்கவில்லை.

தோழர்களே, உழைக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நாற்று நட்டதும் வாய்க்கால் வெட்டியதும் களத்தில் ஆடியதும் நம் உடல்கள். இனி நாம் கற்க வேண்டியது பொறுப்பேற்பதையும் பேசுவதையும். அடுத்த தைக்கு ஒரத்தநாட்டுச் சுற்றுப்புற ஊர்களில் கபடி நடக்கும்போது, ஆடுகளத்தில் நம் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், நடுவர் இருக்கையிலும் மைக்கின் முன்னும் ஒருவரேனும் இருக்க வேண்டும். அதற்கான பயிற்சி வரும் ஞாயிற்றுக்கிழமையே நம் கழகக் கட்டடத்தில் தொடங்கட்டும். பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்களும் இளம்பெண்களும் கூட்டம் முடிந்தவுடன் செயலாளரைக் காண வேண்டுகிறோம்.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகம் பொன்விழாவும் காண்க.